சிரிப்புக்கும் நிகழ்ச்சி நிரலில் இடம் கொடுப்போம்



நமது ஊர்களில் சங்கங்களுக்குக் குறைவில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கம், மரண உதவிச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், சேமிப்புக் குழு என்று ஒரே பெண் நான்கைந்து சங்கங்களில் அங்கத்தவராக இருக்கிறார். மாதத்தில் நான்கைந்து கூட்டங்கள். உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வருகிறோம். வந்து என்ன செய்கிறோம்? இறைவணக்கம், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, சென்ற கூட்ட அறிக்கை, கணக்கறிக்கை, வேறு விடயங்கள், நன்றியுரை. "வேறு விடயங்கள்" என்று செயலாளர் கேட்கும்போது எவரும் வாய் திறப்பதில்லை. நன்றியுரை முடிந்து, வாசலில் செருப்பைத் தேடும்போதுதான் உண்மையான கூட்டம் ஆரம்பமாகிறது.

"அந்தக் கணக்கில ஏதோ பிழை போலக் கிடக்கு." "உவ மட்டும் ஏன் எல்லாப் பயிற்சிக்கும் போறா?" "எனக்கு இந்த மாசம் சீட்டுக் காசு கட்ட வழியில்லை." இவையெல்லாம் வாசலிலும் ஒழுங்கையிலும் பேசப்படும் கதைகள். கூட்டத்துக்குள் சொல்ல வேண்டியவை கூட்டத்துக்கு வெளியே சொல்லப்படுகின்றன. அதனால் பிரச்சினை தீர்வதில்லை, மனக்கசப்புத்தான் வளர்கிறது. எத்தனையோ நல்ல சங்கங்கள் இப்படித்தான் பெயர்ப் பலகையோடு நின்று போயிருக்கின்றன.

பெண்கள் ஏன் கூட்டத்தில் பேசுவதில்லை? கூச்சம், பயம். எழும்பி நின்று பேசினால் பிழைத்துப் போய்விடுமோ, நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற எண்ணம். இதைப் போக்கத் தலைமைத்துவப் பயிற்சிகள் நடத்துகிறோம். பெரிய தாள்களில் மாக்கர் பேனையால் எழுதிக் காட்டுகிறோம். அவையும் வேண்டியவைதான். ஆனால் அதிகச் செலவில்லாத ஒரு வழியும் இருக்கிறது. அது கூட்டத்தில் சிரிக்க இடம் கொடுப்பது.

ரிவர்ஸ்டனில் நடந்த மாதாந்தக் கூட்டம்

கிளிநொச்சி மாவட்டத்து மாதர் சங்கம் ஒன்று, தனது ஆண்டுச் சுற்றுலாவையும் மாதாந்தக் கூட்டத்தையும் ஒன்றாக்கி அண்மையில் மாத்தளைப் பக்கம் சென்றது. 22 பேர், இரண்டு வான்கள். நானும் கூடச் சென்றிருந்தேன். கிளிநொச்சியை ஊடறுத்துச் செல்லும் அதே ஏ-9 வீதிதான் மாத்தளையையும் ஊடறுத்துக் கண்டி வரை போகிறது. மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குப் போய், அங்கிருந்து இலுக்கும்புர வீதியில் வளைந்து வளைந்து ஏறினால் ரிவர்ஸ்டன் வரும். நக்கிள்ஸ் மலைத்தொடரைச் சேர்ந்த உயரமான இடம். உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம். ஒரு நேரம் மூடுபனி, ஒரு நேரம் வெயில், எந்நேரமும் காற்று. இந்த மலைத்தொடரின் காப்புக் காடு, மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பொலித்தீன் பைகளைக் கீழேயே விட்டுவிட்டு, சாப்பாட்டை வாழையிலையில் கட்டிக்கொண்டு ஏறினோம்.

ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மாதர் குழுவிலிருந்து 11 பேர் எங்களுடன் சேர்ந்துகொண்டார்கள். வீதியோரம் ஓர் ஒதுக்கான புல்வெளியில் பாய் விரித்து, பாயின் நான்கு மூலையிலும் கல் வைத்துக் கூட்டம் ஆரம்பமானது.

செயலாளர் சென்ற கூட்ட அறிக்கையை வாசிக்க எழும்பினார். இரண்டாவது வசனத்தில் காற்று தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. இரண்டு பேர் துரத்திப் பிடித்து வந்தார்கள். "வாசிக்கத் தேவையில்லைப் பிள்ளை. காத்து ஏகமனதா ஏற்றுக்கொண்டிட்டுது" என்றார் தலைவி. அதன் பிறகு கூட்டம் தன்னால் ஓடியது.

இந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருவர் "தண்டக்காரி". அவர் கையில் ஒரு வெறும் பால்மா ரின். அவர் கண்ணில் படும் குற்றத்துக்கெல்லாம் 20 ரூபாய் தண்டம். அன்று சேலைக்கு மேல் மகனின் கிரிக்கெட் சட்டையைப் போட்டு வந்தவருக்கு ஒரு தண்டம். "குளிருது" என்று பத்துத் தடவை சொன்னவருக்கு ஒன்று. மாத்தளை தொடங்கி மலையுச்சி வரை வாயைத் திறந்தபடி நித்திரை கொண்டு, வந்திறங்கி "நல்ல இயற்கைக் காட்சி" என்று சொன்னவருக்கு ஒன்று. மூன்று நிமிடத்துக்கு மேல் பேசிய தலைவிக்கும் ஒன்று. "இது தலைமையுரை, இதுக்குத் தண்டம் இல்லை" என்று தலைவி வாதாட, "வாதாடினதுக்கு இன்னொண்டு" என்றார் தண்டக்காரி.

இந்த வழக்கம் லயன்ஸ் கழகங்களிலும் இருக்கிறது என்று நான் சொன்னபோது தோட்டத்து அக்கா ஒருவர் கேட்டார்: "லயன் கழகமா? நாங்க பொறந்ததிலருந்து லயனுலதான் இருக்கோம். எங்களயும் சேர்த்துக்குவாங்களா?" இரு பகுதியாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வன்னிப் பேச்சும் மலையகப் பேச்சும் அதன் பிறகுதான் ஒன்றாகக் கலந்தன.

அடுத்தது "நல்ல சேதிக் காசு". ஏதாவது நல்ல சேதி இருப்பவர் தாமாகவே 20 ரூபாய் போட்டுவிட்டுச் சேதியைச் சொல்ல வேண்டும். ஒருவரின் ஆடு இரண்டு குட்டி போட்டிருந்தது. ஒருவரின் மகள் சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடைந்திருந்தாள். தோட்டத்து இளம் பெண் ஒருவர் தையல் மெசினின் கடைசித் தவணையைக் கட்டி முடித்திருந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா எழும்பி, "நான் போன கிழமை ஒருநாள் விடியுமட்டும் நித்திரை கொண்டனான்" என்று சொல்லிக் காசைப் போட்டார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

இன்னொருவர் சொன்னது: "எங்கட அம்மா பிறந்தது இந்தப் பக்கத்துத் தோட்டத்திலதான். எழுபத்தேழில வெளிக்கிட்டு வன்னிக்கு வந்தவை. அம்மா சொல்லுற மலையை நான் இண்டைக்குத்தான் பார்த்தன்." 1977, 1983 வன்செயல்களால் மலையகத்தை விட்டு வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள் ஏராளம் என்பது நம் வாசகிகளுக்குத் தெரியும். அவர்களிற் பலர் வன்னியில் மறுபடியும், 2009 வரையில், எத்தனை தடவை இடம்பெயர்ந்தார்கள் என்பதும் தெரியும். தோட்டத்துப் பெண்கள் உடனே அவரைச் சூழ்ந்துகொண்டு எந்தத் தோட்டம், எந்த டிவிசன், தாத்தா பெயர் என்ன என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கூட்டம் பத்து நிமிடம் நின்றது. அதற்குத் தண்டக்காரி தண்டம் போடவில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அடுத்து நடந்தது. பொருளாளர் கணக்கறிக்கை வாசித்தார். வழமையாக ஒரு சொல்லும் பேசாத ஒரு பெண், இருந்த இடத்திலிருந்தே, "போக்குவரத்துச் செலவு 1,850 ரூபாய் எண்டியள். அதுக்குப் பில் இருக்கோ?" என்று கேட்டார். முகம் சுளித்துக் கேட்கவில்லை. சிரித்த முகத்தோடுதான் கேட்டார். பொருளாளரும் கோபிக்கவில்லை. கைப்பையிலிருந்து பில்லை எடுத்துக் காட்டினார். "பில்லை ஒளிச்சு வைச்சதுக்கு 20 ரூபாய்" என்று தண்டக்காரி ரின்னை நீட்டினார். விடயம் அங்கேயே முடிந்தது. அதே கேள்வி வாசலில் கேட்கப்பட்டிருந்தால் அது ஒரு மாதம் ஊரெல்லாம் சுற்றியிருக்கும்.

அன்று ரின்னில் சேர்ந்தது 760 ரூபாய். கிளினிக்குக்குப் போக பஸ் காசு இல்லாத அங்கத்தவருக்கு அதைக் கொடுப்பது என்று தீர்மானித்தார்கள்.

இது நாம் கண்டுபிடித்ததல்ல

சிரிப்பை ஒழுங்குபடுத்திக் கூட்டத்துக்குள் கொண்டு வருவது உலகறிந்த வழக்கம். லயன்ஸ் கழகம் 1917இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் உருவானது. அதன் கழகங்களில் தலைவர், செயலாளர், பொருளாளருடன் "வால் முறுக்குபவர்" என்று ஒரு பதவியும் உண்டு. சிங்கத்தின் வாலை முறுக்கி அதை உசுப்பி விடுபவர் என்று பொருள். கூட்டத்தைக் கலகலப்பாக வைத்திருப்பதும் வேடிக்கையாகத் தண்டம் விதிப்பதும் அவரது வேலை.

கழகங்களுக்கான மாதிரி யாப்பில் இதற்கும் விதிகள் எழுதப்பட்டிருந்தன. தண்டத் தொகைக்கு ஓர் உச்ச வரம்பு இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரே கூட்டத்தில் இரண்டு தடவைக்கு மேல் தண்டம் விதிக்கக் கூடாது. சேர்ந்த காசு உடனே பொருளாளரிடம் போக வேண்டும். வால் முறுக்குபவருக்கே தண்டம் விதிப்பதாயின் வந்திருப்போர் அனைவரும் ஏகமனதாகச் சம்மதிக்க வேண்டும். விளையாட்டுக்கும் விதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். விதி இருப்பதால்தான் அது ஒருவரை மட்டும் குறிவைத்துப் பகிடி பண்ணுவதாக மாறாமல் இருக்கிறது.

ரோட்டரிக் கழகம் இதற்கும் முந்தியது. 1905 பெப்ரவரி 23ஆந் திகதி, அதே சிக்காகோவில், போல் ஹரிஸ் என்ற சட்டத்தரணியும் அவரது நண்பர்கள் மூவரும் கூடியதில் ஆரம்பமானது. ஆரம்ப நாட்களில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவரின் அலுவலகத்தில் சுழற்சி முறையில் கூடியதால்தான் அந்தப் பெயரே வந்தது. நாமும் சேமிப்புக் குழுவை வீட்டுக்கு வீடு மாறித்தானே கூட்டுகிறோம்! ஹரி ரகிள்ஸ் என்ற அச்சக உரிமையாளர் கூட்டத்தில் எல்லாரையும் பாட வைத்தார். அந்தக் கழகத்தின் முதலாவது பொதுச் சேவை என்ன தெரியுமா? சிக்காகோ நகரில் பொது மலசலகூடம் அமைக்க 1907இல் எடுத்த முயற்சி. பெரிய மனிதர்களின் கழகமும் மலசலகூடத்தில்தான் தொடங்கியிருக்கிறது. நமது சங்கங்கள் மலசலகூடக் கோரிக்கைக் கடிதம் எழுதும்போது இனிக் கூச்சப்படத் தேவையில்லை.

ரோட்டரி 1929இலேயே கொழும்புக்கு வந்துவிட்டது. ஆனால் இந்த இரு கழகங்களும் பெண்களை அங்கத்தவராக ஏற்கப் பல பத்தாண்டுகள் எடுத்தன. லயன்ஸ் 1987இலும், ரோட்டரி உலகளாவிய ரீதியில் 1989இலுமே கதவைத் திறந்தன.

பெண்கள் அதுவரை காத்திருக்கவில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற தாய், 1889இல் தனது கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். சுத்தமில்லாத பாலே அதற்குக் காரணம் என்று கருதப்பட்டது. இன்னொரு தாய்க்கு இது நடக்கக் கூடாது என்று அவர் ஊர் ஊராகப் பேசத் தொடங்கினார். அதன் பயனாக 1897இல் ஸ்டோனி கிறீக் என்ற ஊரில் 101 பெண்கள் கூடி முதலாவது மாதர் நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். ஓர் இழப்பிலிருந்து பிறந்த சங்கம் அது. 1915இல், முதலாம் உலகப் போரின் நடுவே, இவ்வியக்கம் பிரித்தானியாவுக்குப் பரவியது. போர்க்காலத்தில் உணவு உற்பத்திக்காக உழைத்த அந்தச் சங்கங்களின் கூட்டங்களில், அலுவல்கள் முடிந்த பின் பாட்டுக்கும் விளையாட்டுக்கும் தேநீருக்கும் என்று அரைமணி நேரம் ஒதுக்கப்பட்டது. போரில் மகன்மாரையும் கணவன்மாரையும் இழந்த பெண்களும் அந்த அரைமணியில் இருந்தார்கள்.

இதே கனடாவில் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து, இலங்கையிலே வைத்தியராகவும் சமூக சேவகியாகவும் வாழ்ந்தவர் டொக்டர் மேரி இரத்தினம். அவர் அந்த மாதர் நிறுவனங்களை முன்மாதிரியாகக் கொண்டு 1930இல் லங்கா மகிள சமித்தியை ஆரம்பித்துக் கிராமத்துப் பெண்களை ஒன்றுசேர்த்தார். 1958இல் அவருக்கு மக்சாய்சாய் விருது கிடைத்தது. ஆகவே, பெண்கள் கூடிப் பேசிச் சிரித்து வேலை செய்வது நமது நாட்டுக்கும் புதிதல்ல.

சிரித்தால் மறந்துவிட்டோமா?

இனி, எல்லாருக்கும் உள்ள தயக்கத்துக்கு வருவோம். ரிவர்ஸ்டன் கூட்டத்தில், 2009 மே மாதத்திலிருந்து கணவரைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு சகோதரி இருந்தார். "லயன்" பகிடிக்கு வாய்விட்டுச் சிரித்தவர், சட்டென்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த தோட்டத்துப் பெரியம்மா அதைக் கண்டுவிட்டார். "ஏம்மா மூடுற? காத்து கொண்டுபோயிரும். யாரு காதுலயும் விழாது" என்றார்.

அன்று மலையில் காற்று இருந்தது. ஊரில் அந்தக் காற்று இல்லை. ஊரில் கேட்கிற காதுகள் உண்டு. "புருசன் இல்லாதவளுக்கு என்ன சிரிப்பு?" என்று கேட்கும் வாய்களும் உண்டு. பூவும் பொட்டும் போல, சிரிப்பையும் பெண்ணிடமிருந்து எடுத்துவிட ஊருக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறார்கள். மனைவியை இழந்த ஆண் மதவடியில் இருந்து பகிடி விட்டால் "பாவம், மனதைத் தேற்றுகிறான்" என்கிறார்கள். அதே நியாயம் நமக்கு ஏன் இல்லை?

ஊரைவிடப் பெரிய தடை நம் மனதுக்குள் இருக்கிறது. சிரித்தால் அவரை மறந்துவிட்டேனோ, பிள்ளைக்குத் துரோகம் செய்கிறேனோ என்ற எண்ணம். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தமது தொடர் போராட்டத்தை 2017 பெப்ரவரி 20ஆந் திகதி தொடங்கினார்கள். அந்தத் தாய்மார் ஒருவருக்கொருவர் தேநீர் ஊற்றிக் கொடுத்து, ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டுதான் ஆண்டுக்கணக்காக வெயிலில் இருந்தார்கள். அதனால் அவர்களின் கேள்வி சிறுத்துப் போகவில்லை. நீண்ட காலம் கேள்வி கேட்க வேண்டியவர்களுக்கு மனத்தெம்பு வேண்டும். அழுகையால் மட்டும் அந்தத் தெம்பு கிடைப்பதில்லை.

சிரிப்பு எல்லாத் துயரத்துக்கும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. பல நாட்களாக நித்திரையில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற நிலையில் இருப்பவரை "சிரி, சரியாகிவிடும்" என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. அவரைத் தனியே விடாமல், ஒருவர் கூடப் போய் அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் காட்ட வேண்டும். ஆனால் அவர் அந்த நிலையில் இருக்கிறார் என்பது நமக்குத் தெரிய வருவதே, அவர் வாய் திறக்கக்கூடிய ஒரு கூட்டம் இருந்தால்தான்.

பெண்கள் பயந்து பயந்து போகும் கூட்டங்களும் இருக்கின்றன. வாரந்தோறும் நுண்கடன் வசூலிக்கும் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் முன்னால் தலைகுனிய வேண்டும். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களுக்கு, ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு அந்தச் சுமை வளர்ந்தது. அங்கே "கட்ட முடியவில்லை" என்று சொல்லப் பயம். நமது சங்கமும் அப்படியொரு கூட்டமாகிவிடக் கூடாது.

நீங்களும் செய்து பாருங்கள்

1. நிகழ்ச்சி நிரலில் எழுதுங்கள். கணக்கறிக்கைக்கு முன் 15 நிமிடம் ஒதுக்குங்கள். கடைசியில் வைத்தால் பாதிப் பேர் போய்விடுவார்கள். முதலில் சிரித்தால்தான் பிறகு கேள்வி வரும்.

2. தண்டக்காரி ஒவ்வொரு மாதமும் மாற வேண்டும். அதிகம் பேசாதவரிடம் முதலில் கொடுத்துப் பாருங்கள். ரின் கையில் வந்ததும் அவருக்குப் பேச்சும் வந்துவிடும்.

3. தொகை சிறியதாக இருக்கட்டும். ஒருவருக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். காசு இல்லாதவர் ஒரு பாட்டோ விடுகதையோ சொன்னால் போதும். இன்னார் காசு போடவில்லை என்று எங்கும் எழுதக் கூடாது.

4. தொடக் கூடாதவற்றை முதலே தீர்மானியுங்கள். சாதி, நிறம், உடற்குறை, பிள்ளையில்லாமை, கடன், கணவர் பற்றிய கதை, இவை பகிடிக்கு உரியவையல்ல. தலைவியைக் கேலி செய்யலாம். தளர்ந்திருப்பவரைக் கேலி செய்யக் கூடாது.

5. நல்ல சேதிக் காசு யாருக்கும் கட்டாயமில்லை. "எனக்கு இந்த மாதம் ஒன்றுமில்லை" என்பவரைப் பக்கத்தில் இருப்பவர் கூட்டம் முடிந்த பின் ஒரு சொல் விசாரிக்க வேண்டும். ரின்னில் விழும் காசைவிட அந்த விசாரிப்புப் பெறுமதியானது.

6. சேர்ந்த காசை அங்கேயே எண்ணிப் பொருளாளரின் புத்தகத்தில் பதியுங்கள். சிரித்துச் சேர்த்த காசுக்கும் கணக்கு வேண்டும்.

மௌன அஞ்சலியை நிகழ்ச்சி நிரலில் இருந்து எடுத்துவிடச் சொல்லவில்லை. அது முதலில் இருக்கட்டும். நாம் இழந்தவர்களிற் பலர் நம்மைச் சிரிக்க வைத்தவர்கள்தானே. அவர்களை நினைத்து எழும்பி நின்றுவிட்டு, பிறகு உட்கார்ந்து சிரிப்பதில் தவறேதும் இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போகும்போது வெறும் பால்மா ரின் ஒன்றைக் கழுவித் துடைத்து எடுத்துச் செல்லுங்கள். முதல் தண்டத்தைத் தலைவியிடமே வாங்குங்கள்.